உருளைக்கிழங்கு தோல்ல ஒட்டிக்கிட்டு வந்த களிமண்: நெதர்லாந்து 2004 டையாக்சின் கேஸ்

2004 இலையுதிர் காலத்துல நெதர்லாந்துல வழக்கமா எடுக்குற பால் சாம்பிள் பரிசோதனையில, ஒரு பண்ணையோட பால்ல டையாக்சின்ங்கற நஞ்சு (குளோரின் உள்ள, உடம்புக் கொழுப்புல தங்குற ரசாயனக் கூட்டம்) எக்கச்சக்கமா இருக்குன்னு தெரிய வந்துச்சு. அப்போ ஐரோப்பிய யூனியன்ல பாலுக்கு இருந்த வரம்பு 1 கிராம் கொழுப்புக்கு 3 பிக்கோகிராம், 2002 ஜூலை 1ல இருந்து அமல்ல இருந்த வரம்பு அது. இந்தப் பண்ணையோட பால் அதைப் பல மடங்கு தாண்டியிருந்துச்சு. 1 பிக்கோகிராம்னா 1 கிராம்ல லட்சம் கோடியில ஒரு பங்கு, அவ்ளோ பொடி அளவு. இந்த மாதிரி அளவுக்கு மாடு எந்த அறிகுறியும் காட்டாது, தீனி வழக்கம்போல எடுக்கும், அசை போடும், கறவை குறையாது, பாலோட நிறம் மணம் ருசி எதுவும் மாறாது. பண்ணைக்காரர் எவ்ளோ கெட்டிக்காரரா இருந்தாலும் கண்ணால பார்த்து கண்டுபிடிக்க வழியே கிடையாது, லேப்ல சாம்பிள் ஓட்டினாதான் தெரியும்.

இந்தக் கேஸை நான் இவ்ளோ விரிவா எழுதுறதுக்கு காரணம் இருக்கு. உணவுத் தொழிற்சாலைக் கழிவை, அதாவது தோல், சக்கை, பிழிவு, தவிடு மாதிரி சமாச்சாரங்களை சைலேஜ்ல (காத்து புகாம அமுக்கி மூடிப் புளிக்க வைக்கிற ஈரத் தீவனம்) சேர்த்து கறவை மாட்டுக்குப் போடுறதைப் பத்தி பேசும்போது எல்லாரும் புரோட்டீன் எவ்ளோ, ஸ்டார்ச் எவ்ளோ, எவ்ளோ நாள் தாங்கும், எவ்ளோ மிச்சமாகும்னுதான் கேக்குறாங்க. அந்தப் பொருள் தொழிற்சாலைக்குள்ள போகும்போது எதுல குளிச்சுது, எதோட உரசுச்சு, எதைப் போட்டு அதைக் காய வச்சாங்கன்னு கேக்குறவங்க ரொம்பக் கம்மி. 2004ல நடந்தது முழுக்க முழுக்க அந்தக் கேள்விக்குள்ள அடங்குற விஷயம்.

தேடினது எப்படி

ஒரு பண்ணைப் பால்ல டையாக்சின் ஏறுச்சுன்னா சந்தேகப்பட நிறைய இடம் இருக்கு. பக்கத்துல ஏதாவது எரிக்கிறாங்களா, மருந்து அடிச்ச மரக்கட்டையில கொட்டகை போட்டிருக்காங்களா, பழைய பெயிண்ட் உரியுதா, வெள்ளம் வந்து ஆத்து வண்டல் படிஞ்ச மேய்ச்சல் நிலமா, இல்ல தீவனமா. தீவனம்னாலும் ஒரு கறவை மாடு ஒரு நாளைக்கு டிரை மேட்டர் கணக்குல, அதாவது தண்ணியைக் கழிச்ச எடையில, 20 கிலோவுக்கு மேல திங்கும், அதுல புல் சைலேஜ், மக்காச்சோள சைலேஜ், அடர்தீவனம், மினரல், ஈரக் கழிவு வகைகள்னு ஏழெட்டு பொருள் இருக்கும். ஒவ்வொண்ணையும் டையாக்சினுக்குன்னு இருக்குற முழு பரிசோதனைக்கு அனுப்பினா செலவும் அதிகம் நாளும் அதிகம் ஆகும், அதுக்குள்ள பால் லாரி தினமும் வந்து போய்க்கிட்டே இருக்கும்.

நெதர்லாந்துல இதுக்கு கேலக்ஸ் டெஸ்ட் கையில இருந்துச்சு, வாகனிங்கன் ஊர்ல இருந்த ரிகில்ட் ஆய்வு நிலையம் அதை ஏற்கனவே பழக்கத்துல வச்சிருந்துச்சு. எலியோட கல்லீரல் செல்லுல மின்மினியோட ஒளி மரபணுவைப் புகுத்தி வச்சிருப்பாங்க, டையாக்சின் மாதிரி பொருள் அந்த செல்லுக்குள்ள போய் அதுக்குரிய ரிசெப்டர்ல உக்காந்தா செல் ஒளி விடும். எந்த டையாக்சின், எவ்ளோன்னு அது துல்லியமா சொல்லாது, ஆனா நிறைய சாம்பிளை சீக்கிரம் ஓட்டி இது சந்தேகம், இது பரவாயில்லன்னு பிரிச்சிடும். சந்தேகமானதை மட்டும் பெரிய மெஷினுக்கு அனுப்பினா போதும். அப்படி பண்ணையில இருந்த தீவனங்களை ஒவ்வொண்ணா ஓட்டிப் பார்த்ததுல மாட்டினது உருளைக்கிழங்கு தோல். ஒரு பிரெஞ்ச் ஃப்ரை தொழிற்சாலையில இருந்து வந்த தோல் அது.

தோலுக்கு டையாக்சின் எங்க இருந்து வந்துச்சு

உருளைக்கிழங்குல ஸ்டார்ச் கூடுதலா இருந்தா அதோட அடர்த்தியும் கூடும், வறுக்கும்போது மொறுமொறுன்னு வரும், எண்ணெய் கம்மியா குடிக்கும். ஸ்டார்ச் கம்மியான கிழங்கு லேசா இருக்கும், வறுத்தா தொளதொளன்னு போயிடும். இதைப் பிரிக்க தொழிற்சாலைங்க ஒரு எளிமையான வேலை பண்ணும், தண்ணியோட அடர்த்தியை ஏத்தி வச்சு கிழங்கை அதுல விடுறது, கனமானது அடியில போகும், லேசானது மிதக்கும். தண்ணியோட அடர்த்தியை ஏத்த உப்பு போடலாம், இல்லன்னா நைசான களிமண்ணைக் கரைக்கலாம். இந்தத் தொழிற்சாலை களிமண்ணைக் கரைச்சுது. ஜெர்மனியில இருந்து வந்த கயோலின் வகை களிமண் அது. அந்தக் களிமண்ணுலயே டையாக்சின் இருந்துச்சு.

களிமண்ணுல டையாக்சினான்னு ஆச்சரியமா இருக்கும். யாரோ கொண்டுபோய் கொட்டினது கிடையாது. சில பழைய கயோலின், பால் கிளே (ball clay, நைசான ஒரு களிமண் வகை, குடிக்கிற பாலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல) படிவங்கள்ல டையாக்சின் இயற்கையாவே இருக்கு, மனுஷன் ரசாயன ஆலை கட்டுறதுக்கு கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி படிஞ்ச மண் அது. அதோட கைரேகையும் தனி. குப்பை எரிக்கிறது மாதிரி இடத்துல இருந்து வந்தா டையாக்சினோட சேர்ந்து ஃபியூரான்னு அதோட சொந்தக்கார கூட்டமும் கணிசமா வரும். இந்தக் களிமண் வகையில டையாக்சின் மட்டும் இருக்கும், ஃபியூரான் கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. அதனால லேப் ரிப்போர்ட்ல மொத்த அளவை மட்டும் பார்க்காம எந்தெந்த வகை எவ்ளோன்னு பிரிச்சுப் பார்க்குறவங்களுக்கு புகைபோக்கியைத் தேடுறதா மண்ணைத் தேடுறதான்னு ஒரு திசை கிடைச்சிடும். ஒரு சிக்கலும் இருக்கு, அதிக குளோரின் உள்ள வகைங்க, குறிப்பா எட்டு குளோரின் உள்ளது, மாட்டோட குடல்ல இருந்து ரத்தத்துக்கு ரொம்பக் கம்மியாதான் போகும், குளோரின் கம்மியான வீரியமான வகைங்க கூடுதலா பாலுக்கு வரும். அதனால தீவனத்துல இருக்குற அதே விகிதம் பால்ல தெரியாது, பாலை வச்சு பின்னோக்கிப் போறவங்க இதைக் கழிச்சுப் பார்க்கணும்.

இப்போ தொழிற்சாலைக்குள்ள நடந்ததை யோசிச்சுப் பாருங்க. கிழங்கு களிமண் தண்ணியில முங்கி வெளிய வருது, கழுவுறாங்க, ஆனா கிழங்கோட கண்ணுலயும் தோல் சொரசொரப்புலயும் மண் கொஞ்சம் தங்குது, அப்புறம் தோல் உரிக்குறாங்க. உரிச்ச கிழங்கு ஃப்ரை ஆகுது, அதுல பிரச்சனை இல்ல, ஏன்னா மண்ணெல்லாம் தோலோட போயாச்சு. மனுஷன் திங்குற பொருளைக் காப்பாத்துன அதே வேலைதான் மண்ணை எல்லாம் ஒரு இடத்துல குவிச்சுது, அந்த இடம் மாட்டுத் தீவனம். தொழிற்சாலையோட பாதுகாப்புத் திட்டம் முழுக்க ஃப்ரையைப் பார்த்து எழுதினதா இருந்தா அதுல களிமண் ஒரு ஆபத்தாவே வராது, ஏன்னா ஃப்ரையில அது இல்லவே இல்ல. எனக்கு இந்தக் கேஸ்லயே ரொம்ப முக்கியமா படுறது இதுதான், கழிவுன்னு பேர் வச்சாலே அதைப் பார்க்குற பார்வை மாறிடுது, ஆனா மாட்டு வழியா அது திரும்ப மனுஷன் சாப்பாட்டுக்குத்தான் வருது.

எவ்ளோ மண் வேணும்னு ஒரு கணக்கு

இது அந்தக் கேஸ்ல அளந்த எண் கிடையாது, அளவோட வீரியம் புரியட்டும்னு நானே போடுற கணக்கு. களிமண்ணுல கிலோவுக்கு 500 நானோகிராம் (1 நானோகிராம்னா 1,000 பிக்கோகிராம்) டையாக்சின் வீரியம் இருக்குன்னு வைங்க, அந்த மாதிரி படிவத்துல இதைவிடக் கூடவே பார்த்திருக்காங்க. தோலோட டிரை மேட்டர்ல 2 சதவீதம் அந்த மண் கலந்திருந்தா தோல்ல கிலோவுக்கு 10 நானோகிராம். அந்தக் காலத்துல செடிவழித் தீவனத்துக்கு ஐரோப்பிய வரம்பு கிலோவுக்கு 0.75 நானோகிராம். மாடு ஒரு நாளைக்கு டிரை மேட்டர் கணக்குல 3 கிலோ இந்தத் தோலைத் தின்னா 30 நானோகிராம் உள்ள போகுது, அதுல மூணுல ஒரு பங்கு பாலுக்கு வந்தா 10 நானோகிராம். 25 கிலோ பால், 4.4 சதவீதம் கொழுப்புன்னா 1,100 கிராம் கொழுப்பு, அதுல அந்த 10 நானோகிராமைப் பிரிச்சா கிராமுக்கு 9 பிக்கோகிராம். வரம்பைப் போல மூணு மடங்கு. தோல்ல 2 சதவீதம் மண்ணுங்கறது கையில எடுத்துப் பார்த்தா வயல் மண் ஒட்டியிருக்கு போலன்னு நினைச்சு விட்டுடுற அளவு.

இது முதல் தடவை கிடையாது

1997ல அமெரிக்காவுல மிசிசிப்பி சுரங்கத்துல இருந்து வந்த பால் கிளே களிமண்ணை சோயாப் புண்ணாக்கு கட்டி தட்டாம இருக்கக் கலந்தாங்க, அது கோழி, கெளுத்தி மீன் தீவனத்துல போய் டையாக்சின் ஏறுச்சு. மறுபக்கம் 1998 வாக்குல ஜெர்மனியோட பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல பால்ல டையாக்சின் கொஞ்சம் கொஞ்சமா ஏறுறதைப் பார்த்து தேடிப் போனா, பிரேசில்ல இருந்து வந்த சிட்ரஸ் சக்கை உருண்டையில போய் நின்னுச்சு. ஆரஞ்சு பிழிஞ்ச சக்கையில தண்ணி ரொம்ப இருக்கும், பெக்டின்ங்கற பசை மாதிரி பொருள் அதைப் பிடிச்சு வச்சிருக்கும், சுண்ணாம்பு போட்டா அந்தப் பிடி விட்டு தண்ணி வெளிய வரும், அப்புறம் பிழிஞ்சு காய வைக்கலாம். அந்தச் சுண்ணாம்புதான் கெட்டது. ஆரஞ்சுல குத்தமே இல்ல.

மூணையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா சோயா நல்ல சோயா, ஆரஞ்சு நல்ல ஆரஞ்சு, உருளைக்கிழங்கு நல்ல உருளைக்கிழங்கு. கெடுத்தது எல்லாம் வேலைக்காக நடுவுல சேர்த்த கட்டி தட்டாத பொடி, தண்ணி எடுக்குற சுண்ணாம்பு, அடர்த்தி ஏத்துற மண். பின்னாடி 2009ல ஐரோப்பிய யூனியன் தீவன விற்பனைக்குன்னு கொண்டுவந்த 767/2009 விதியில, தயாரிப்புல பயன்படுத்துற துணைப் பொருள்ல இருந்து வர்ற ரசாயன அசுத்தம் தீவனப் பொருள்ல இருக்கக் கூடாது, தனியா வரம்பு வச்சிருந்தா தவிரன்னு எழுதியே வச்சாங்க. என்னோட கணிப்புல தீவனக் கழிவு வாங்குற ஒவ்வொருத்தரும் மனப்பாடமா வச்சுக்க வேண்டிய வரி அது.

சைலேஜ் இதுல என்ன பண்ணும், என்ன பண்ணாது

ஈரக் கழிவை ஏன் சைலேஜ் போடுறோம்? கெட்டுப் போகாம இருக்க. கிழங்குத் தோல், கிழங்குப் பிழிவு, பீர் சக்கை, பீட்ரூட் சர்க்கரை ஆலை சக்கை எல்லாம் முக்காவாசிக்கு மேல தண்ணி, வெளிய போட்டா சீக்கிரமே புளிச்சு பூஞ்சணம் பிடிச்சிடும். காத்து புகாம அமுக்கி மூடினா லாக்டிக் பாக்டீரியா சர்க்கரையைத் தின்னு ஆசிட் ஆக்கும், பிஎச் 4 கிட்ட இறங்கும், மத்த கிருமிங்க அடங்கிடும். ரொம்ப ஈரமா இருந்து பிஎச் சரியா இறங்கலன்னா கிளாஸ்ட்ரிடியாங்கற கெட்ட பாக்டீரியா புகுந்து பியூட்ரிக் ஆசிட் நாத்தம் வரும், அதோட விதைங்க சாணி வழியா மடிக்குப் போய் பாலுக்குள்ள வந்துச்சுன்னா கடினமான சீஸ் ஊதி வெடிக்கும், சீஸ் போடுற நாடுங்களுக்கு இது பெரிய தலைவலி. பீர் சக்கையில புரோட்டீன் டிரை மேட்டர்ல 25 சதவீதம் கிட்ட இருக்கும் ஆனா சர்க்கரை கம்மி, அதனால அதைத் தனியா அமுக்குறதைவிட சர்க்கரை உள்ள ஏதாவதோட சேர்க்கிறது நல்லது, சாறு ஓடாம இருக்க காஞ்ச சக்கையோ வைக்கோலோ அடியில போடுவாங்க. இதெல்லாம் பழக்கத்துல உள்ளவங்களுக்குத் தெரிஞ்சதுதான்.

ஆனா பலபேர் மனசுல புளிக்க வச்சா சுத்தமாயிடும்னு ஒரு எண்ணம் ஓடுது, அதை நான் அடிச்சே சொல்றேன், ஆகாது. டையாக்சினை லாக்டிக் ஆசிட் ஒண்ணும் பண்ணாது, ஈயம் காட்மியத்தை ஒண்ணும் பண்ணாது, உள்ள வரும்போதே இருந்த பூஞ்சண நஞ்சுல பெரும்பாலானதையும் நம்பி விட முடியாது. ஊறுகாய் ஜாடி மாதிரிதான், போட்டது அப்படியே இருக்கும். அதுலயும் சைலேஜுக்கு கூடுதலா ஒரு ஆபத்து இருக்கு, அது காலத்தைத் தள்ளிப் போடுது. செப்டம்பர்ல வந்த லோடை அமுக்கி மூடிட்டு பிப்ரவரியில திறந்து போடுவாங்க, அதுக்குள்ள தொழிற்சாலையில அந்தக் களிமண் மூட்டையே தீர்ந்து போயிருக்கும், லோடு யாருதுன்னு ஞாபகமும் இருக்காது.

நிறுத்துனதும் என்ன ஆச்சு, என்ன ஆகும்

தோல்தான்னு உறுதியானதும் அந்தத் தொழிற்சாலைகிட்ட இருந்து தீவனம் வாங்கின பண்ணைகளைப் பட்டியல் எடுத்து பாலை நிறுத்தி வச்சாங்க, நூத்துக்கும் மேல பண்ணை, நெதர்லாந்துல மட்டும் இல்லாம பெல்ஜியம், ஜெர்மனிக்கும் போயிருந்துச்சு, ஐரோப்பிய எச்சரிக்கை வலைப்பின்னல் வழியா அங்கயும் தகவல் போச்சு. பரிசோதிச்சு வரம்புக்குள்ள இருந்த பண்ணைகளை விடுவிச்சாங்க. இவ்ளோ வேகமா பட்டியல் எடுக்க முடிஞ்சதுக்கு காரணம் யாருக்கு எந்த லோடு போச்சுன்னு ஏட்டுல இருந்ததுதான். யார்கிட்ட வாங்கினோம் யாருக்கு வித்தோம்னு ஒரு படி முன்னயும் ஒரு படி பின்னயும் சொல்லத் தெரியணும்ங்கற 178/2002 விதி, கட்டாயமா அமலுக்கு வந்தது 2005 ஜனவரி 1ல, அதாவது இந்தக் கேஸ் முடிஞ்ச கையோட. கழிவைத் தீவனமா விக்குற உணவுத் தொழிற்சாலையும் தீவனத் தொழில் பண்றவங்க கணக்குலதான் வரும்னு சொல்லுற 183/2005 தீவன சுகாதார விதி 2006 ஜனவரி 1ல இருந்து.

மாட்டு உடம்புக்கு வருவோம். தீனியை நிறுத்தினா பால்ல டையாக்சின் முதல் சில நாள்ல வேகமா இறங்கும், அப்புறம் உடம்புக் கொழுப்புல தங்கினது வாரக்கணக்குல மெதுவா கசியும், அந்த ரெண்டாவது கட்டத்துல பாதியாகவே ஒரு மாசத்துக்கு மேல ஆகும். கறவை மாட்டுக்கு பால் வழியா வெளியேற வழி இருக்கு, கறவை நின்ன மாட்டுக்கும் கிடாரிக்கும் அது கிடையாது, அதுங்க உடம்புல இருக்குறது அடுத்த கன்னு போட்டு கறக்கும்போது வெளிய வரும். அதனால பாலை மட்டும் பார்த்துட்டு பண்ணை சரியாயிடுச்சுன்னு சொல்றது அவசரம். அதே மாதிரி சந்தேகமான சைலேஜை நல்ல தீனியோட கலந்து அளவைக் குறைச்சுப் போட்டுடலாம்னு ஒரு யோசனை எப்பவுமே வரும், ஐரோப்பாவுல 2002/32 ஆணைப்படி அது தடை. தடை இல்லாத இடத்துலயும் பண்ணக் கூடாதுன்னுதான் சொல்லுவேன், சின்னக் குழந்தைங்க குடிக்கிற பொருள் இது, மனுஷ உடம்புல இந்த நஞ்சு பாதியாக வருஷக்கணக்குல ஆகும்.

பண்ணையில மாத்த வேண்டியது

கழிவு வேண்டாம்னு நான் சொல்லவே மாட்டேன். மனுஷன் திங்க முடியாத தோலையும் சக்கையையும் பாலா மாத்துறது கறவை மாடு பண்ற பெரிய உபகாரம், அதை விட்டுட்டா அந்த இடத்துல தானியத்தைத்தான் போட வேண்டியிருக்கும். வாங்குற முறையைத்தான் மாத்தணும். தொழிற்சாலைகிட்ட முதல்ல கேக்க வேண்டியது புரோட்டீன் ரிப்போர்ட் கிடையாது, இந்தப் பொருள் வெளிய வர்ற வரைக்கும் அதைத் தொட்டது என்னென்ன, கழுவுற தண்ணி, நுரை அடக்குற மருந்து, வடிகட்டுற பொடி, தோல் உரிக்கிற காரம், அடர்த்திக்குப் போடுறது, எல்லாம் எழுத்துல வேணும். அடுத்ததா, இதுல எதையாவது மாத்தினா லோடு அனுப்புறதுக்கு முன்னாடி எங்களுக்குச் சொல்லணும்னு ஒப்பந்தத்துல போடணும், என்னைக் கேட்டா இந்த ரெண்டாவது முதலாவதைவிட முக்கியம், ஏன்னா ஒரு தடவை வாங்கி ஃபைல்ல வச்ச லிஸ்ட் தொழிற்சாலை பொருளை மாத்தின அன்னைக்கே செல்லாக்காசு.

டையாக்சின் டெஸ்ட்டை ஒவ்வொரு லோடுக்கும் யாராலயும் பண்ண முடியாது. ஆனா சாம்பல் டெஸ்ட், அதாவது தீவனத்தை எரிச்சு மிஞ்சுறதை எடை போடுறது, சாதாரண தீவன லேப்லயே பண்ணுவாங்க, ஆசிட்ல கரையாத சாம்பலைத் தனியா கேட்டா மண்ணும் களிமண்ணும் எவ்ளோ ஒட்டியிருக்குன்னு தெரிஞ்சிடும். அது டையாக்சினைக் காட்டாது, ஆனா வழக்கமா வர்ற எண் திடீர்னு ஏறினா ஏதோ மாறியிருக்குன்னு ஃபோன் போட்டுக் கேக்குறதுக்கு அது போதும்.

சைலேஜ் குழியில ஒரு பழக்கம் ரொம்பப் பரவலா இருக்கு, மக்காச்சோளத்தோட கழிவை அடுக்கு அடுக்கா போட்டு ஒரே குழியில அமுக்குறது. இடம் மிச்சம், சாறு வீணாகாது, தீனியும் ஒரே சீரா வரும், எல்லாம் நிஜம்தான். ஆனா நடுவுல ஒரு அடுக்கு கெட்டதுன்னு மூணு மாசம் கழிச்சு தகவல் வந்தா முழுக் குழியையும் தூக்கிப் போடணும், மாட்டுக்கு வருஷத்துக்கு வேண்டிய அடித் தீனியே அதோட போச்சு. புதுசா வாங்குற இடத்துப் பொருளையும், மண்ணு, சுண்ணாம்பு, ரசாயனம் ஏதாவது தொட்டதுன்னு லிஸ்ட்ல இருக்குற பொருளையும் தனிக் குழியிலயோ சைலேஜ் பையிலயோதான் போடணும், தேதி, தொழிற்சாலை, லோடு நம்பர் மூணையும் மூடி மேல எழுதணும். லோடு இறக்கும்போதே ஒவ்வொண்ணுலயும் ரெண்டு சாம்பிள் எடுத்து பேர் எழுதி ஃப்ரீசர்ல வைக்கணும், அந்தக் குழி தீர்ந்து அதைத் தின்ன மாடு அந்தக் கறவையை முடிக்கிற வரைக்கும் அதை எடுத்து வீசக் கூடாது.